பெயர் ஒன்று, ஆள் இரண்டு: தரவுத்தள நிரலில் மாறிகளுக்கு எந்தப் பெயரிடல் வழக்கம் நல்லது?

முதலில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

டெலீட் ஃப்ரம் ஊழியர் வேர் துறை_எண் = துறை_எண்;

எழுதியவர் நினைத்தது என்னவோ சரிதான். இடப்பக்கம் இருப்பது அட்டவணையில் உள்ள துறை எண். வலப்பக்கம் இருப்பது ப்ரொசீஜருக்குள் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்துப் பெயர் சொல்லி அழைக்கும் நிரல்) வந்த பாராமீட்டர், அதாவது அழைப்பவர் அனுப்பும் மதிப்பைத் தாங்கும் மாறி. 50 என்று கொடுத்து அழைத்தால் 50ஆம் துறையின் ஊழியர்கள் மட்டும் நீங்க வேண்டும். ஆனால் தரவுத்தளத்துக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பேதம் கிடையாது. பெயரைப் பார்க்கும், அந்தப் பெயர் யாருடையது என்று தன் விதிப்படி முடிவு செய்யும். அந்த விதி ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஒவ்வொரு மாதிரி.

(அட்டவணையின் ஒரு நெடுக்குவரிசையைப் பேச்சில் காலம் என்போம். எழுத்தில் அது நேரத்தையும் குறித்துவிடும் என்பதால் இங்கே புலம் என்று எழுதுகிறேன். ஒரு கிடைவரிசை என்பது ஒரு பதிவு.)

ஆரக்கிளில் ப்ரொசீஜர் எழுதும் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லில், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேட்கவும் மாற்றவும் உதவும் மொழி) வாக்கியத்துக்குள் வரும் பெயருக்குப் புலம்தான் முதல் உரிமை கொண்டாடும். ஆகவே மேலே உள்ள வரியில் இரண்டு துறை_எண்ணும் புலமே. ஒவ்வொரு பதிவும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது, சமமாகவும் இருக்கிறது. துறை எண் நிரப்பப்படாத பதிவுகள் மட்டும் தப்பிக்கும், மற்றதெல்லாம் போய்விடும். ஆரக்கிளின் கையேடே இதை உதாரணம் காட்டி எச்சரிக்கிறது. கிங் என்ற பெயருள்ளவர்களை மட்டும் நீக்கப் போய், மாதிரி அட்டவணையில் இருந்த 107 பதிவுகளும் நீங்குகின்றன.

மைஎஸ்க்யூஎல்லில் நேர் எதிர். அங்கே மாறிக்குத்தான் முதல் உரிமை. இரண்டு துறை_எண்ணும் பாராமீட்டராகிவிடும். 50 = 50 எப்போதும் உண்மை, எனவே அட்டவணை முழுதும் காலி. பாராமீட்டருக்கு மதிப்பே கொடுக்காமல் நல் (மதிப்பு இல்லை என்பதற்கான குறி, எதற்கும் சமமாகாது) அனுப்பியிருந்தால் ஒரு பதிவுகூட நீங்காது. எதிரெதிர் விதிகள் கொண்ட இரண்டு தரவுத்தளங்களும் கிட்டத்தட்ட ஒரே அழிவில் வந்து நிற்கின்றன, இரண்டுமே ஒரு எச்சரிக்கைகூடத் தருவதில்லை.

போஸ்ட்கிரஸ்எஸ்க்யூஎல்லின் ப்ரொசீஜர் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மட்டும் இங்கே நிறுத்திக் கேட்கிறது: இந்தப் பெயர் மாறியையும் குறிக்கலாம், புலத்தையும் குறிக்கலாம், எதைச் சொல்கிறீர்கள்? 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்துதான் இந்த நல்ல பழக்கம். அதற்கு முன் அங்கும் மாறியே வென்றுகொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிழை ஃபங்ஷனை உருவாக்கும்போது வராது, அந்த வாக்கியம் ஓடும்போதுதான் வரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் கிளைக்குள் மோதல் ஒளிந்திருந்தால் அந்த நாள்வரை தெரியாது. அதே போஸ்ட்கிரஸில் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் இல்லாமல் வெறும் எஸ்க்யூஎல் மொழியில் ஃபங்ஷன் எழுதினால் கேள்வியே இல்லாமல் புலம் வென்றுவிடும். ஒரே தரவுத்தளத்துக்குள் இரண்டு சட்டம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை மாற்றி எழுதுபவர்கள் இதில்தான் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் இந்தச் சிக்கல் பிறக்கவே வழியில்லை. மாறி, பாராமீட்டர் எல்லாம் @ குறியில் தொடங்கியாக வேண்டும் என்பது மொழியின் இலக்கணம். துறை_எண் = @துறை_எண் என்று எழுதும்போது குழப்பத்துக்கு இடமே இல்லை. மற்ற மூன்றிலும் பணியாற்றுபவர்கள் மனிதக் கட்டுப்பாட்டால் செய்துகொள்ள வேண்டியதை அங்கே மொழியே செய்துவிடுகிறது.

அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்யலாம்? நடைமுறையில் மூன்று நான்கு வழிகள் உண்டு.

முன்னொட்டு

பாராமீட்டருக்கு பி_, ப்ரொசீஜருக்குள் அறிவிக்கும் மாறிக்கு வி_ அல்லது எல்_, பேக்கேஜ் (ப்ரொசீஜர்களின் தொகுப்பு) அளவில் இருப்பதற்கு ஜி_, மாறிலிக்கு சி_ என்பது ஆரக்கிள் உலகில் பல ஆண்டுப் பழக்கம். போஸ்ட்கிரஸில் பி_ போடுபவர்களும் உண்டு, வெறும் அடிக்கோட்டில் தொடங்குபவர்களும் உண்டு. துறை_எண் = பி_துறை_எண் என்றால் வாசிப்பவருக்கும் புரிகிறது, தரவுத்தளத்துக்கும் புரிகிறது. கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணை ஓட்டினாலே தவறு தெரியும். எந்தத் தரவுத்தளத்துக்கு மாறினாலும் கூடவே வரும். இதன் பலம் இந்த எளிமைதான்.

குறைகளும் உண்டு. முதலாவது, முன்னொட்டு காப்பது அட்டவணையில் யாரும் அதே முன்னொட்டை வைக்காதவரைதான். பிராடக்ட் அட்டவணையை வடிவமைத்தவர் பி_எண், பி_பெயர், பி_விலை என்று புலங்களுக்குப் பெயர் வைத்திருந்தால், உங்கள் பி_எண் பாராமீட்டர் நேராக அதன்மேல் போய் மோதும். இது கற்பனை அல்ல, அட்டவணைப் பெயரின் முதலெழுத்தைப் புலத்துக்கு ஒட்டும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. இரண்டு வழக்கங்களும் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் ஆபத்து. முன்னொட்டைத் தேர்வதற்கு முன் அந்த எழுத்தில் தொடங்கும் புலம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

இரண்டாவது, பாராமீட்டரின் பெயர் வெளியாருக்கும் தெரிவது. பெயர் சொல்லி மதிப்பு அனுப்பும் முறையில் அழைப்பவர்கள் பி_துறை_எண் => 50 என்று எழுதுவார்கள். உள்ளே நமக்கு உதவும் அந்தப் பி_ வெளியே அவர்களுக்கு வெறும் சுமை. அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. போஸ்ட்கிரஸில் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் மூலம் உள்வரும் பாராமீட்டரின் பெயரை மாற்ற முயன்றால் மறுத்துவிடும். ஃபங்ஷனை டிராப் செய்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும், அதை நம்பியிருக்கும் வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) இருந்தால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். எனவே இந்த முடிவை முதல் நாளே எடுப்பது நல்லது.

வகையைச் சொல்லும் முன்னொட்டு, அதாவது எண்ணுக்கு ஒரு எழுத்து, சரத்துக்கு ஒரு எழுத்து, தேதிக்கு ஒரு எழுத்து என்பது வேறு விஷயம். தரவுத்தள நிரலில் அதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் ஊழியர்.துறை_எண்%டைப் என்று அறிவித்தால் வகையைப் புலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளை புலத்தின் வகை மாறினால், பெயரில் ஒட்டிய வகை எழுத்து பொய்யாக நிற்கும்.

முழுப்பெயர்

இரண்டாவது வழி, மாறி எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுவது. துறையை_நீக்கு என்ற ப்ரொசீஜருக்குள் இப்படி:

டெலீட் ஃப்ரம் ஊழியர் ஊ வேர் ஊ.துறை_எண் = துறையை_நீக்கு.துறை_எண்;

இங்கே ஊ என்பது ஊழியர் அட்டவணைக்கு இந்த வாக்கியத்துக்குள் வைத்த மாற்றுப்பெயர். முன்னொட்டே வேண்டாம். பாராமீட்டரின் பெயர் வெளியாருக்கும் அழகாகத் தெரியும். பெயரற்ற பிளாக்காக (தனியே ஓடும் நிரல் துண்டு) இருந்தால் அதற்கு ஒரு லேபிள், அதாவது அடையாளப் பெயர், வைத்து, அந்த லேபிளைப் புள்ளியோடு முன்னால் சேர்க்கலாம்.

முழுப்பெயர் ஏன் முக்கியம் என்பது எனக்கு ஒரு அனுபவத்தில்தான் புரிந்தது. எங்கள் குழுவில் மாதா மாதம் பழைய பதிவுகளை நீக்கும் ஒரு ஆரக்கிள் ப்ரொசீஜர் இருந்தது. அதில் கடைசி_தேதி என்று ஒரு மாறி. பதிவு_தேதி < கடைசி_தேதி என்றால் நீக்கு, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த அட்டவணையில் அப்படி ஒரு புலம் இல்லை, ஆகவே எழுதியவர் மேல் குறையில்லை. ஆண்டுகள் கழித்து, வேறொரு தேவைக்காக, வேறொருவர் அதே அட்டவணையில் கடைசி_தேதி என்ற புலத்தைச் சேர்த்தார். அவர் மேலும் குறையில்லை. ப்ரொசீஜர் தானாக மறுபடி கம்பைல் ஆனது, பிழை ஏதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயர் மாறியைக் குறிக்கவில்லை, புதிய புலத்தைக் குறித்தது. புலத்தில் இன்னும் மதிப்பு எதுவும் நிரப்பப்படவில்லை. ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகவில்லை, ஒரு பதிவும் நீங்கவில்லை. வேலை ஒவ்வொரு மாதமும் வெற்றி என்றே பதிவானது. பேக்கப் எடுக்க ஆகும் நேரம் ஏறிக்கொண்டே போனபோதுதான் யாரோ உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

நிரலில் ஒரு எழுத்தும் மாறாமலே நிரலின் பொருள் மாறிவிட்டது. இதற்கு ஆரக்கிள் கையேட்டில் பெயர் கவர்தல் என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. முழுப்பெயர் இட்டிருந்தால் இது நடந்திருக்காது. வி_கடைசி_தேதி என்று இருந்திருந்தாலும் நடந்திருக்காது, ஏனென்றால் யாரும் அட்டவணையில் வி_ என்று புலம் சேர்க்க மாட்டார்கள். ஆனால் முன்னொட்டில் அந்தப் பாதுகாப்பு ஒரு எதிர்பார்ப்பு, முழுப்பெயரில் அது மொழியின் உத்தரவாதம். 11ஜி பதிப்பு முதல் ஆரக்கிள் சார்புகளை (எந்த நிரல் எதை நம்பியிருக்கிறது என்பதை) புலம் புலமாகக் கணக்கில் வைப்பதால், முழுப்பெயர் எழுதும் நிரலுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அட்டவணையில் புதுப் புலம் சேரும்போது தேவையில்லாமல் செல்லாததாகிப் போவது குறைகிறது.

இதற்கும் எல்லைகள் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லில் பிளாக்குக்கு லேபிள் வைக்கலாம், ஆனால் அந்த லேபிளைக் கொண்டு மாறியை அழைக்க முடியாது. அங்கே புலத்துக்கு மட்டுமே அட்டவணைப் பெயரைச் சேர்க்கலாம். மாறிக்கு முதல் உரிமை உள்ள இடம் என்பதால் ஊ.துறை_எண் = துறை_எண் என்பது அங்கே சரியாகவே வேலை செய்யும். இதே வரியை அப்படியே ஆரக்கிளுக்குக் கொண்டுபோனால் வலப்பக்கம் மறுபடி புலமாகிவிடும், அட்டவணை காலியாகும். போஸ்ட்கிரஸில் பிழை வந்து நிற்கும். புலத்துக்கு மட்டும் அடையாளம் போட்டுவிட்டு இனிப் பயமில்லை என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரஸில் இன்னொரு நுணுக்கம். ஃபங்ஷனின் பெயரைக் கொண்டு பாராமீட்டரை அழைக்கலாம். உள்ளே டிக்ளேர் பகுதியில் அறிவித்த மாறியை அப்படி அழைக்க முடியாது, அந்தப் பிளாக்குக்குத் தனியாக லேபிள் வைக்க வேண்டும். ஆரக்கிளில் இரண்டையும் ப்ரொசீஜரின் பெயராலேயே அழைக்கலாம்.

முழுப்பெயரின் பெரிய பலவீனம் மனிதர்கள்தான். நீளமான ப்ரொசீஜர் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதக் கை சலிக்கும். ஆரக்கிளில் ஒரு இடத்தில் விட்டுவிட்டால் எதுவும் சொல்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ப்ரொசீஜரின் பெயரை மாற்றினால் உள்ளே எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். முன்னொட்டை மறந்தால், அதே பெயரில் புலம் இல்லாத இடங்களில் அறிவிக்காத பெயர் என்ற பிழை வந்து காட்டிக்கொடுக்கும். முழுப்பெயரை மறந்தால் ஆரக்கிளில் எந்தப் பிழையும் வராது.

தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுவது

இது போஸ்ட்கிரஸுக்கு மட்டும் உள்ள வழி. வேரியபிள்_கான்ஃப்ளிக்ட் என்ற அமைப்புக்கு மூன்று மதிப்புகள்: பிழை காட்டு, மாறியை எடு, புலத்தை எடு. சர்வர் முழுவதற்கும் வைக்கலாம், ஒரே ஒரு ஃபங்ஷனின் தலையில் # குறியோடு ஒரு வரியாகவும் எழுதலாம்.

சர்வர் முழுவதற்கும் மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 9.0க்கு முந்தைய நிரலை இடம் மாற்றுவோருக்காக மாறியை எடு என்ற மதிப்பு இருக்கிறது, அதோடு அதன் பயன் முடிந்தது. பிழை காட்டும் பழக்கம் போஸ்ட்கிரஸ் நமக்குக் கொடுத்த வரம், அதை நாமே அணைக்கக் கூடாது. நிரலின் பொருள் நிரலுக்கு வெளியே ஒரு அமைப்புக் கோப்பில் உட்கார்ந்திருப்பதும் நல்லதல்ல. சோதனை சர்வரில் ஒரு மதிப்பும் நிஜ சர்வரில் வேறு மதிப்பும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஆனால் ஃபங்ஷன் தலையில் எழுதும் ஒற்றை வரிக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. ரிட்டர்ன்ஸ் டேபிள் என்று அறிவித்து (எண், பெயர்) என்ற இரண்டு புலங்களைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணும் பெயரும் ஃபங்ஷனுக்குள் மாறிகளாகவும் ஆகிவிடுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே செலக்ட் எண் ஃப்ரம் ஊழியர் என்று எழுதியதும் மோதல். அட்டவணையின் மாற்றுப்பெயரைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் அதே எண் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று சொல்ல, இன்சர்ட் வாக்கியத்தின் கடைசியில் ஆன் கான்ஃப்ளிக்ட் (எண்) என்று எழுதும்போது அந்த அடைப்புக்குள் அட்டவணைப் பெயரைச் சேர்க்க இலக்கணம் இடம்தராது. அங்கே இரண்டே வழி. ஆன் கான்ஃப்ளிக்ட் ஆன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று கட்டுப்பாட்டின் பெயரைச் சொல்லலாம், அல்லது புலத்தை எடு என்ற வரியை அந்த ஃபங்ஷனின் தலையில் மட்டும் போடலாம். திருப்பித் தரும் புலங்களின் பெயர் வெளியே தெரியும் என்பதால் அவற்றுக்கு முன்னொட்டு வைக்கப் பலருக்கு மனம் வராது. இந்த ஒரு இடத்தில் அந்த வரி பொருத்தமான மருந்து.

புலங்களுக்கே முன்னொட்டு வைத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஊழியர்_பெயர், ஊழியர்_துறை என்று வைத்தால் மாறி பெயர், துறை என்று சுத்தமாக இருக்கலாம். புதிய திட்டமாக இருந்தாலும் நான் இதைத் தேர்வதில்லை. ப்ரொசீஜருக்குள் மட்டும் உள்ள ஒரு சிக்கலுக்காக, அட்டவணையைத் தொடும் ஒவ்வொரு குவெரியும் நீளமாகிறது.

பதிவு மாறியைப் பயன்படுத்துவது இதைவிட நல்ல யோசனை. ஊழியர்%ரோடைப் என்று ஒரு முழுப் பதிவையும் தாங்கும் ஒரே மாறியை அறிவித்து, அதன் உள்ளே பதிவு.துறை_எண் என்று எடுத்தால் புள்ளி தானாக வந்துவிடுகிறது. அந்த மாறிக்கு அட்டவணையின் பெயரையோ அதன் மாற்றுப்பெயரையோ வைக்காதவரை பாதுகாப்புதான்.

நீளம் பற்றிச் சிறு குறிப்பு. ஆரக்கிளில் 12.2க்கு முன் பெயருக்கு 30 பைட் மட்டுமே, இப்போது 128. போஸ்ட்கிரஸில் இயல்பாக 63 பைட், மீறினால் வெட்டிவிடும். போஸ்ட்கிரஸ் தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். துறை_எண் என்ற சின்னப் பெயரே 22 பைட் எடுக்கும். முதல் 63 பைட் ஒன்றாக உள்ள இரண்டு நீளப் பெயர்கள் வெட்டப்பட்டு ஒரே பெயராகிவிடுவதும் ஒரு வகை மோதல்தான்.

எந்த வழக்கமும் காக்காத ஒரு இடம்

@ குறி வைத்த எஸ்க்யூஎல் சர்வர்காரர்கள் உட்பட எல்லோரும் விழக்கூடிய குழி ஒன்று இருக்கிறது.

டெலீட் ஃப்ரம் விற்பனை வேர் வாடிக்கை_எண் இன் (செலக்ட் வாடிக்கை_எண் ஃப்ரம் தற்காலிகம்);

தற்காலிகம் என்ற அட்டவணையில் வாடிக்கை_எண் என்ற புலமே இல்லை, அங்கே அதன் பெயர் வெறும் எண் என்று வைத்துக்கொள்வோம். பிழை வரும் என்றுதான் நினைப்போம். வராது. உள் குவெரியில் கிடைக்காத பெயரை வெளிக் குவெரியில் தேடுவது எஸ்க்யூஎல்லின் விதி. வெளியே விற்பனையில் அந்தப் புலம் இருக்கிறது. எனவே ஒவ்வொரு விற்பனையும் தன் சொந்த வாடிக்கை எண்ணோடு ஒப்பிடப்படுகிறது. தற்காலிகத்தில் ஒரே ஒரு பதிவு இருந்தாலும், வாடிக்கை எண் உள்ள எல்லா விற்பனையும் நீங்கிவிடும். இங்கே மாறியே இல்லை, முன்னொட்டால் பயனில்லை. உள்ளே த.வாடிக்கை_எண் என்று மாற்றுப்பெயரோடு எழுதியிருந்தால் அப்படி ஒரு புலம் இல்லை என்று உடனே நின்றிருக்கும்.

எதைத் தேர்வது

ஆரக்கிளில் புதிதாக எழுதுபவர்கள் முன்னொட்டையும் மாற்றுப்பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். மாறிக்கு வி_, பாராமீட்டருக்கு பி_, புலம் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையின் மாற்றுப்பெயர். பேக்கேஜின் வெளிமுகத்தில் உள்ள பாராமீட்டர் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் மட்டும் முழுப்பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஒழுக்கமுள்ள குழுவும், ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் யோசிக்கவே வேண்டாம், முன்னொட்டுதான். மாறியின் முழுப்பெயர் என்ற வழியே அங்கே இல்லை. உள்ளே அறிவித்த மாறிக்கும் புலத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் செலக்ட் விலை இன்டு புது_விலை என்பது அட்டவணையின் விலையை எடுக்காது, மாறியில் இருப்பதையே திருப்பித் தரும். அட்டவணையில் விலை எவ்வளவு என்றாலும் ஒரே விடை வந்துகொண்டிருக்கும்.

போஸ்ட்கிரஸில் பிழை காட்டும் அமைப்பைத் தொடாதீர்கள். உள் மாறிகளுக்கு முன்னொட்டு, வெளியே தெரியும் பாராமீட்டருக்குத் தேவைப்பட்டால் ஃபங்ஷன் பெயரோடு சேர்ந்த முழுப்பெயர் என்று கலந்து வைத்தாலும் பரவாயில்லை. விட்டுப்போன இடத்தை அதுவே சொல்லும். எஸ்க்யூஎல் மொழியில் எழுதும் ஃபங்ஷன்களில் மட்டும் இந்தத் துணை கிடையாது, அங்கே ஆரக்கிளில் இருப்பதைப் போலவே கவனமாக இருங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் மாற்றுப்பெயர் பழக்கம் போதும். கூடவே ப்ரொசீஜர் பெயரை எஸ்பி_ என்று தொடங்காமல் இருங்கள். அந்த முன்னொட்டு சர்வரின் சொந்த ப்ரொசீஜர்களுக்கானது, அதே பெயரில் ஒன்று அங்கே இருந்தால் உங்கள் நிரல் உடைந்துபோகலாம்.

ஏற்கெனவே பெரிய பழைய நிரல் கையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர் மாற்றப் போகாதீர்கள். முதலில் மோதல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆரக்கிளில் பிஎல்ஸ்கோப்_செட்டிங்ஸ் என்ற அமைப்பை இயக்கிவிட்டு நிரலை மறுபடி கம்பைல் செய்தால், ஆல்_ஐடென்டிஃபையர்ஸ் என்ற வியூவில் ஒவ்வொரு மாறியும் பாராமீட்டரும் அறிவிக்கப்பட்ட இடம் வரி எண்ணோடு வந்துவிடும். அதை ஆல்_டேப்_காலம்ஸ் வியூவோடு பெயர் வழியாக இணைத்தால் எந்தெந்த மாறி எந்தெந்தப் புலத்தோடு மோதக்கூடும் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் உள்ள பாராமீட்டர்ஸ், காலம்ஸ் இரண்டையும் அதேபோல் இணைக்கலாம், உள் மாறிகளை மட்டும் கையால் தேட வேண்டியிருக்கும். போஸ்ட்கிரஸில் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் என்ற நீட்சி, ஃபங்ஷனை ஓட்டாமலே உள்ளே உள்ள வாக்கியங்களைச் சோதித்துச் சொல்லும். பட்டியல் கிடைத்ததும் டெலீட்டும் அப்டேட்டும் உள்ள ப்ரொசீஜர்களை முதலில் எடுத்துத் திருத்துங்கள். வெறும் செலக்ட் உள்ளவை அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம்.